அமைச்சரின் மனநிறைவு

மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாறு பினாங்கில், ஓர் ஆங்கிலப் பள்ளியினுள் தொடங்குகிறது. 1816ஆம் ஆண்டு பாதிரியார் ஹட்சிங்ஸ் நிறுவிய பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழுக்கும் ஒரு வகுப்பு அமைந்தது. அதனையே தொடக்கமாகக் கொண்டு 2016இல் இருநூறாம் ஆண்டு விழாவும் எடுக்கப்பெற்றது. இடைப்பட்ட காலத்தில், தமிழ்ப் பள்ளி தமிழ்ப் பள்ளியாகவே நிலைப்பதா என்பதை ஒருவரே தீர்மானிக்கக்கூடிய ஒரு நிலையும் இருந்தது.

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு, ஒரு தேசிய மாதிரித் தொடக்கப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றுவது தகும் என்று அமைச்சர் மனநிறைவு கொண்டால், ஓர் ஆணையினால் அவ்வாறே மாற்றலாம் என்றது. தேசியப் பள்ளியெனின் பயிற்றுமொழி மலாய். இதற்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு வேண்டியதில்லை. பெற்றோரின் இசைவும் வேண்டியதில்லை. ஒருவரின் மனம் நிறைந்தால் போதும். காரணத்தைக் காரணத்தால் மறுக்கலாம். கணக்கைக் கணக்கால் மறுக்கலாம். மனம் நிறைந்தது என்பவரிடம், நிறையவில்லை என்று வாதாடுவார் யார்?

1996ஆம் ஆண்டுச் சட்டம் அப்பிரிவைக் கைவிடும்வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் அது ஏட்டில் இருந்தது. வாள் உறையை விட்டு வந்ததா என்பதை மட்டும் கொண்டு அதன் தீமையை அளத்தல் ஆகாது. பள்ளிக்கு நன்கொடை திரட்டிக் கட்டடம் எழுப்புவோரும், பிள்ளையைக் கைப்பிடித்து முதலாம் வகுப்பில் சேர்ப்போரும், இப்பள்ளி நாளையும் இம்மொழியில் இயங்கும் என்று நம்பியே அவற்றைச் செய்கின்றனர். அந்த நம்பிக்கை பிறர் ஒருவரின் கருணையில் நிற்குமாயின், அதனை உரிமை என்று அழைத்தல் இயலாது.

ஆயினும், ஆட்சித் தலைவரின் தனி அதிகாரம் எல்லாம் கொடியது என்று முடிவு கட்டிவிடலாகாது. 1957இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் பள்ளி வாசலில் தடுக்கப்பட்டபோது, குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் ஆணை பிறப்பித்துப் படையை அனுப்பினார். அவ்வூரார் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் அப்பிள்ளைகள் வாசலிலேயே நின்றிருப்பர். ஆனால் அவர் ஆணைக்குப் பின்னே 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நின்றது. முன்பே அறிவிக்கப்பட்ட ஓர் உரிமையை அவர் காத்தார். 2025 மார்ச்சில் அதே நாட்டின் அதிபர் டிரம்ப், 1979இல் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவான கல்வித்துறையைக் கலைக்கும் நோக்கில் ஓர் ஆணையில் ஒப்பமிட்டார். சுற்றிலும் மாணவர்கள் மேசைகளில் அமர்த்தப்பட்டிருந்தனர். காட்சிக்குத்தான், கருத்துக் கேட்பதற்கு அன்று.

மலேசியாவில் 1969 மே கலவரத்தை அடுத்து நாடாளுமன்றம் முடக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஜூலையில் கல்வியமைச்சர் அப்துல் ரஹ்மான் யாக்கோப், 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் முதலாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாறும் என அறிவித்தார். 1976இல் அது முதலாம் படிவத்தை எட்டியது. 1816இன் அந்தப் பள்ளியும் மாறியது. விடுதலை பெற்ற நாடு தன் தேசியமொழியில் கற்பிக்க விழைவது குற்றமன்று. அவ்விழைவு 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையிலேயே இருந்தது. கம்பத்துப் பிள்ளைகள் பலருக்கு உயர்கல்வியின் கதவும் அதனால் திறந்தது. மன்றம் கூடி வாதிட்டிருந்தாலும் இதே முடிவு வந்திருக்கலாம். ஆனால் அதற்கு ஆட்பட்டோர் காரணங்களையேனும் கேட்டிருப்பர்.

கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் இன்னும் தெளிவான பாடம். பிரதமர் மகாதீரின் முனைப்பில் 2003 ஜனவரியில் அது தொடங்கியது. தமிழ்ப் பள்ளிகளும் விலக்குப் பெறவில்லை. தமிழில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய ஆசிரியர்கள் புதுநூல்களோடும் ஒளிப்படக் கருவிகளோடும் வகுப்பில் நின்றனர். அவ்வாண்டு முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அந்த ஓராண்டை முடிக்குமுன், அக்டோபர் இறுதியில், பிரதமர் பதவி விலகிவிட்டார். பிள்ளையோ விலக முடியாது. 2009இல் அது முதலாம் படிவத்தில் இருந்தபோது, திட்டம் கைவிடப்படும் என்று வேறோர் அமைச்சரவை அறிவித்தது. பிழை திருத்தப்பட்டது எனலாம். ஆறு வயது கடந்து எண்ணத் தொடங்கும் பருவம் ஒருமுறையே வருவது. அதனைத் திருத்தி வழங்க எந்த ஆணையாலும் இயலாது.

இன்றைய சட்டத்தின் 28ஆம் பிரிவில் இரு வினைகள் உள்ளன. அமைச்சர் பள்ளிகளை நிறுவலாம். நிறுவியவற்றைப் பராமரித்தாக வேண்டும். பினாங்கு மாநிலத்திலும், எண்ணின் தற்செயலாக, இருபத்தெட்டுத் தமிழ்ப் பள்ளிகள். அவற்றுக்கு இரண்டாம் வினை காவல். தமிழ் இடைநிலைப் பள்ளி நாட்டில் ஒன்றேனும் இல்லை. பினாங்கில் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததுண்டு. அது முதலாம் வினையின் வாசலில் நிற்கிறது.