நோயும் ஓர் அமானிதம்

சொல்ல வேண்டியதைச் சொல்வதும் அறம். மறைக்க வேண்டியதை மறைப்பதும் அறம். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையில்தான் மனிதன் இடறுகிறான். கூலியுடன் நோய்விடுப்புக் கோரும் தொழிலாளி தம் நோயின் பெயரையும் முதலாளிக்குச் சொல்லியாக வேண்டுமா என்னும் வினா அவ்வெல்லையைப் பற்றியதே.

நீலகிரியில் ஜெகதளாவைச் சூழ்ந்த சரிவுகளில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். மகளிர்க்கே உரிய பிணியொன்றால் ஒரு வாரம் வேலைக்கு வர இயலவில்லை. மருத்துவச் சான்றைக் கணக்கரிடம் நீட்டுகிறார். அவரோ நோயின் பெயரை நாலு பேர் கேட்க உரக்கப் படிக்கிறார். பொழுது சாய்வதற்குள் லைன் வீடுகளெங்கும் அதே பேச்சு. விடுப்புக் கிடைத்தது, மானம் போயிற்று. இதற்கு அஞ்சியே மறுமுறை அவர் நோயோடு மலையேறினால் அந்தப் பாவம் யாரைச் சாரும்?

தகுதிபெற்ற மருத்துவர் சான்றளித்த நோய்க்கு உதவித்தொகை பெறும் உரிமையை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வழங்கிற்று. 2025இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதன் இடத்துக்கு வந்தன. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24இல் தீர்ப்பளித்தனர். ஆயினும் சட்டம் எட்டாத இடத்திலும் மனச்சாட்சி எட்ட வேண்டுமன்றோ!

ரமலான் நோன்பில் நோயாளிக்குச் சலுகை தரும் திருமறை (2:184) நோய்களுக்குப் பட்டியல் இடவில்லை. ஃபிக்ஹு அறிஞர்களும் நம்பகமான மருத்துவரின் சொல்லை ஆதாரமாக ஏற்றனர். முதலாளியின் ஹக்கும் அவ்வளவே: இவர் வேலைக்கு இயலாதவர்தாமா, எத்தனை நாளைக்கு என்பதை அவர் அறியலாம். நோயின் பெயரோ மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

“அப்படியானால் பொய்ச்சான்று பெருகாதா?” என்பர். பொய்ச்சான்று பெறுபவரும் தருபவரும் பொய்ச்சாட்சியின் பாவத்தையே சுமக்கின்றனர், அதில் ஐயமில்லை. சந்தேகம் எழுந்தால் வேறொரு மருத்துவர் பரிசோதிக்கட்டும். அவரும் ‘இயலும்’, ‘இயலாது’ என்று சொன்னால் போதும். பிறர் மறைவைத் துருவுவதைத் திருமறை (49:12) தடுக்கிறது. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதிலேறி ஒருவரின் குற்றத்தைக் கண்டுபிடித்தபோது, துருவி ஆராய்ந்ததும் வாயில்வழி வாராததும் ஸலாமின்றி நுழைந்ததும் தங்கள் பிழைகளல்லவா என்று அவர் கேட்க, கலீபா அவரை விட்டு அகன்றார்கள் என்றொரு செய்தி உண்டு. குற்றத்துக்கே அத்துணைத் திரை உண்டென்றால், குற்றமே அல்லாத நோய்க்கு எத்துணை வேண்டும்!

காசநோய் போன்ற தொற்று, உடன் உழைப்போரைத் தாக்குமென்றால் நிலை வேறு. அப்போது தெரிவிப்பதே கடமை. ஆனால் நிர்ப்பந்தம் அனுமதிப்பது நிர்ப்பந்தத்தின் அளவுக்கே என்பது ஷரீஅத்தின் விதி. அறிய வேண்டியவர் அறியட்டும். ஊர் அறிய வேண்டியதில்லை.

பிறர் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பது நபிமொழியின் கருத்து. ஆட்களை வைத்து வேலை வாங்கும் நம் சகோதரர்கள், அடுத்த விடுப்புத்தாள் தம் மேசைக்கு வரும்போது இதை நினைவிற் கொள்வார்களாக!