அரை நாள் விருந்தினர்

ஒருவரோடு நாம் கொள்ளும் உறவு எவ்வளவு காலம் நீடிக்கிறதோ, அவ்வளவுக்குத்தான் அவருக்கு நாம் கடமைப்பட்டவர்களா? ஆயுள் முழுதும் உடன் வாழ்வார்க்கு ஓர் அறம், அண்டை வீட்டார்க்கு ஓர் அறம், அரை நாள் உடன் வந்து பிரிவார்க்கு ஓர் அறம் என்று அறத்தையும் படியால் அளந்து பங்கிடலாமா? இவ்வினாவை நூலகத்தில் அமர்ந்து எழுப்பினோம் அல்லோம். உலகின் மறுபுறத்தில், கரிபியக் கடலையொட்டிய ஒரு தீவில், வாடகைக் காரின் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தபோது அது எம்மை எதிர்ப்பட்டது.

மத்திய அரசு அலுவலகத்து எழுத்தருக்கு விடுப்புப் பயணச் சலுகை கன்னியாகுமரி வரை செல்லும். கரிபியன் வரை செல்லாது. அமெரிக்காவில் பணிபுரியும் எம் அண்ணன் மகன் தன் செலவில் எங்கள் குடும்பத்தைக் கப்பற்பயணம் ஒன்றுக்கு அழைத்தான். அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்று, நானும் மனைவியும் பதினைந்து வயது மகளும் சென்றோம். கப்பல் ஒவ்வொரு தீவிலும் ஒரு பகற்பொழுது நிற்கும். குவாதலூப் தீவில் ஒரு காரையும் ஓட்டுநரையும் அரை நாளுக்கு எங்களுக்கெனத் தனியே அமர்த்தியிருந்தான் பிள்ளை. காலை எட்டு மணிக்குப் புறப்பாடு; ஒரு மணிக்குத் துறைமுகம் திரும்ப வேண்டும். ஒரு கோவில், ஒரு மரச்சாலை, அதன்பின் வெண்மணற் கடற்கரையில் இரண்டு மணி நேரம். இதுவே ஒப்பந்தம்.

பயணத்தைச் சொல்லுமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். ‘சுற்றுலா’ என்கிறோம். அதனுள் ‘உலா’ என்னும் பழைய சொல் இருக்கிறது. ஒட்டக்கூத்தரின் மூவருலா முதலான உலா இலக்கியங்களில் உலாப் போகிறவன் தலைவன். பார்க்கிறவர்கள் வீதியில் நிற்பவர்கள். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவத்து மகளிரும் அவனைக் காண்கின்றனர். ஆகவே உலாப் போதல் என்றால் பார்க்கப்படுதல் என்பது பழம்பொருள். இன்றைய சுற்றுலாவிலோ இது தலைகீழாகிவிட்டது. வண்டியில் இருப்பவர் பார்க்கிறார்; வீதியில் இருப்பவர் பார்க்கப்படுகிறார். தம்மையும் எவரேனும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும் என்னும் எண்ணமே பயணிக்கு எழுவதில்லை. எமக்கும் அன்று எழவில்லை.

வரைபடத்தில் குவாதலூப் ஒரு வண்ணத்துப்பூச்சி போலத் தோன்றும். ஒரு சிறகு கிராந்தேர். மறு சிறகு பாஸ்தேர். இடையே உப்பாறு போன்ற ஒரு குறுகிய நீரிணை. பிரெஞ்சு மொழியில் கிராந்தேர் என்றால் பெருநிலம்; பாஸ்தேர் என்றால் தாழ்நிலம். ஆனால் பெருநிலம்தான் சிறியது. தாழ்நிலத்தில்தான் 1467 மீட்டர் உயரமுள்ள சூஃபிரியேர் எரிமலை நிற்கிறது. “எங்கள் ஊரில் பெயரை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்” என்று சிரித்தார் ஓட்டுநர். அறுபது வயது மதிக்கத்தக்கவர். நல்ல கறுத்த மேனி. ஆங்கிலம் ஓரளவு அறிந்தவர். அவருடைய குடும்பப் பெயர் நம் ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வம் ஒன்றின் பெயர். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அது உருமாறியிருந்ததால், அவர் இருமுறை சொன்ன பிறகே எமக்கு விளங்கியது.

விளங்கியதும் உள்ளம் இளகிற்று. இத்தீவில் 1848-இல் அடிமை முறை ஒழிந்த பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854-ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஒரெலி’ என்னும் கப்பல் முதல் கூட்டத்தைக் கொணர்ந்தது. அது முதல் 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய் இங்கு வந்திறங்கினர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறிய தமிழர் அவர்களுள் மிகப் பலர். ஒப்பந்தம் ஐந்தாண்டு, ஊர் திரும்பியவர் சிலரே. நான்கைந்து தலைமுறைக்குப் பின் மொழி மறைந்துவிட்டது. மாரியம்மன் ‘மலியேமின்’ ஆகி நிற்கிறாள். குழம்பு ‘கொலம்போ’ ஆகித் தீவின் பொதுவுணவாகிவிட்டது. “பாவம், மொழியை இழந்துவிட்டார்கள்” என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னோம். அந்த இரக்கத்தில் ஒரு சிறு பெருமிதமும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

வழியெங்கும் வாழைத் தோட்டங்கள். “என்ன பசுமை!” என்றோம். ஓட்டுநர் சற்றுநேரம் பேசாதிருந்து, பிறகு சொன்னார்: 1972 முதல் 1993 வரை இத்தோட்டங்களில் வாழையைத் துளைக்கும் வண்டைக் கொல்லக் குளோர்டெக்கோன் என்னும் நஞ்சைத் தூவினார்கள், அது இன்றும் மண்ணை விட்டுப் போகவில்லை, தீவு மக்களில் மிகப் பெரும்பாலோரின் இரத்தத்தில் அதன் சுவடு இருக்கிறது. பசுமை பசுமையாகவே இருந்தது. ஆனால் எம்மால் அதை முன்போல் பார்க்க முடியவில்லை. கண் காணாததை ஒரு சொல் காட்டிவிட்டது.

கபெஸ்தேர் என்னும் ஊரில் சாலையோரம் இருக்கிறது ஷாஞ்சிக் கோவில். வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்களோடு, நம் சிற்றூர்க் கோவிலைத் தூக்கி வைத்தாற்போல் நின்றது. வணங்கினோம், படம் எடுத்தோம், கடிகாரத்தைப் பார்த்தோம். அப்போது ஓட்டுநர் தம் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். அதனுள் பழுப்பேறிய ஒரு தாள். முன்பதிவில் எங்கள் பெயரைக் கண்டபோதே, ‘இவர்கள் அங்கிருந்து வருகிறவர்கள்’ என்று உணர்ந்து வீட்டிலிருந்து எடுத்து வந்தாராம். நாங்கள் அவரைப் பார்ப்பதற்கு முன்பே அவர் எங்களைப் பார்த்துவிட்டார்.

“இது எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் வைத்திருந்த மந்திரம். பூசையில் வைத்துக் கும்பிடுகிறோம். படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. படித்துச் சொல்ல முடியுமா?” என்று கேட்டு, இளையவள் அன்றோ நன்றாகப் படிப்பாள் என்று எண்ணினார் போலும், தாளை எம் மகளிடம் நீட்டினார்.

அவள் தாளை வாங்கினாள், பார்த்தாள், ஒன்றும் பேசாமல் எம்மிடம் தந்தாள். தில்லியில் பிறந்து தில்லியில் படிப்பவள். வீட்டில் தமிழ் பேசுவாள்; எழுத்து அறியாள். “அடுத்த விடுமுறையில் கற்பிப்போம்” என்று பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறோம். நான்கு தலைமுறை வெயிலிலும் கரும்பிலும் உழைத்து இழந்ததை, நாம் மின்விசிறியின் கீழ் அமர்ந்து ஒரே தலைமுறையில் இழந்திருக்கிறோம். சற்று முன் “பாவம்” என்று சொன்ன சொல் எம்மிடமே திரும்பி வந்து நின்றது.

தாளைப் படிக்கத் தொடங்கினோம். புள்ளியிடாத பழைய கையெழுத்து, தமிழ் எண்கள், ‘மேற்படி’ என்பதற்கு முன்னோர் இடும் குறி. எம் பாட்டனார் கிராமக் கணக்கராய் இருந்தவர். அவருடைய ஏடுகளைப் பார்த்த பழக்கத்தால் மெல்ல விளங்கிற்று. அது மந்திரம் அன்று. அம்மன் பூசைக்கு வசூலித்த பணத்தின் கணக்கு. இருபத்து மூன்று பெயர்கள், எதிரே தொகைகள். சிலர் பணத்துக்குப் பதில் அரிசி தந்திருந்தனர். ஒருவர் சேவல் தந்திருந்தார். இரண்டு பெயர்களுக்கு எதிரே ‘இல்லை’ என்று மட்டும் இருந்தது. பணம் இல்லையா, ஆளே இல்லையா என்பது தெரியவில்லை.

இனிதான் வினா. நூறாண்டுக்கு மேலாக ஒரு குடும்பம் மந்திரமென்று கும்பிட்டதை, வெறும் வசூற்கணக்கு என்று சொல்வதா? “அம்மன் துதி, நன்றாக இருக்கிறது” என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அவர் மகிழ்வார், நாங்களும் கடற்கரைக்குப் போய்ச் சேரலாம். நண்பகலுக்குப் பின் இவரை நாம் காணப்போவதில்லை. பொய் வெளிப்படவும் வழியில்லை. நெடுநாள் உறவில் பொய் சொல்ல அச்சம் தடுக்கிறது. அரை நாள் உறவில் தடுப்பதற்கு யாது உளது?

குறுகிய வருகையின் விளைவும் குறுகியதே என்று நாம் நினைக்கிறோம். அதுவே இந்த ஆசையின் வேர். ஆனால் நாங்கள் நின்ற அந்த ஊரே அதற்கு மறுப்பு. 1493-ஆம் ஆண்டு நவம்பரில் கொலம்பஸ் இந்தக் கபெஸ்தேர்க் கரையில்தான் இறங்கினார். சில நாட்களே தங்கினார். ஸ்பெயின் நாட்டு மடம் ஒன்றின் பெயரைத் தீவுக்கு இட்டுவிட்டுப் போனார். பழங்குடியினர் வழங்கிய ‘கருக்கேரா’ என்னும் பெயர் போயிற்று. வந்துபோனவர் இட்ட பெயர் ஐந்நூறு ஆண்டுகளாய் நிற்கிறது. போகிறவருக்கு அரை நாள். இருப்பவருக்கு அது எத்தனை நாளோ! நாம் சொல்லும் பொய்யும் அக்குடும்பத்தில் இன்னும் நான்கு தலைமுறைக்கு மந்திரமாய் நிற்கக்கூடும்.

உண்மையைச் சொன்னோம். அவர் முகம் ஒருகணம் வாடியது. “மந்திரம் இல்லையா?” என்றார். “இல்லை. பெயர்கள்” என்றோம். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்படியானால் பெயர்களைப் படியுங்கள். எல்லாவற்றையும்” என்றார்.

படித்தோம். சாமி என்று முடிவன, அம்மாள் என்று முடிவன, ஊர்ப்பெயர் சேர்ந்து வருவன. ஒவ்வொன்றையும் அவர் தம் நாவால் திரும்பச் சொன்னார். ஒன்பதாவது பெயரில் எம்மைக் கைகாட்டி நிறுத்தினார். அது அவருடைய குடும்பப் பெயர். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நசுங்குமுன் இருந்த முழு வடிவம். எதிரே இரண்டு பிராங்கும் ஒரு படி அரிசியும். “கொடுத்திருக்கிறார்!” என்றார். அந்தக் குரலை எம்மால் எழுத்தில் வடிக்க இயலாது. தம் முன்னோர் வாங்கி வரப்பட்டவர் என்றே கேட்டு வளர்ந்தவர், அவர் கொடுத்தவராகவும் இருந்தார் என்று அன்று அறிந்தார்.

இதே கபெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவரைப் பற்றியும் அவரே சொன்னார். இந்திய வழியினர்க்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்ற பெருமகன். பத்தொன்பது ஆண்டுகள் தாளும் மனுவுமாய்ப் போராடியிருக்கிறார். கோப்புகளோடு வாழும் எம்போன்றோர்க்கு அப்பெயர் தெரியாதிருந்தது நாணத் தக்கதே.

மணி பதினொன்றைக் கடந்துவிட்டது. கிராந்தேரின் வெண்மணற் கரைக்குப் போய்வர இனி நேரமில்லை. அருகிலிருந்த கரைக்கே அழைத்துச் சென்றார். 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து குவியல் குவியலாய் வந்து ஒதுங்கும் சர்காசம் என்னும் கடற்பாசி அன்று பழுப்பு நிறமாய் அக்கரையில் கிடந்தது; அழுகல் நாற்றமும் இருந்தது. விளம்பரப் படத்தில் கண்ட கடற்கரை அன்று இது. ஆயினும் அமர்ந்தோம். “கடலோரத்தில் 81 மீட்டர் அகலமுள்ள பட்டையைப் பழைய நாளில் ‘அரசனின் ஐம்பது தப்படி’ என்பார்கள், அது தனியார்க்கு உரியதன்று, இன்றும் பெரும்பாலும் அரசுடைமையே” என்றார் ஓட்டுநர். அப்படியாயின், பணம் கொடுத்து நாங்கள் வாங்கியது எது? கரை விற்பனைக்கு இல்லை. கோவிலும் இல்லை. காரையும் அவருடைய ஐந்து மணி நேரத்தையும் மட்டுமே வாங்கினோம். ஏனைய யாவும் அவர் தந்தவை.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அது விருந்தை ஏற்பவன் கடமையைச் சொல்வது. விருந்தாய்ச் செல்பவன் கடமைக்குத் தனி அதிகாரம் இல்லை. ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். சென்ற இடத்தில் நாம் புதியவர், நம்மைப் பார்ப்பார்கள், நம்மிடம் கேட்பார்கள். கேட்கப்படுவதற்கு இசைந்து நிற்பதும், கேட்டதற்கு மெய் சொல்வதும் விருந்தினர் கடமை என்று எமக்குத் தோன்றுகிறது. கட்டணம் செலுத்தியதால் அக்கடமை தீர்ந்துவிடுவதில்லை. பொழுது சுருங்கினால் அறம் சுருங்குவதும் இல்லை. அதைச் செய்ய நமக்குக் கிடைக்கும் வாய்ப்புத்தான் சுருங்குகிறது. அதனால் அது இன்னும் விரைந்து செய்யத் தக்கதாகிறது.

ஊரிலிருந்து வரும் உறவினரை நம்மில் எத்தனை பேர் குதுப்மினாருக்கும் செங்கோட்டைக்கும் அரை நாளில் அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறோம்! அவர்களுள் எவரேனும், “இங்கே நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள்?” என்று கேட்டால் அன்று உள்ளம் எவ்வளவு நிறைகிறது! காட்டுபவர்க்கும் காணப்பட ஆசை உண்டு என்பதை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

துறைமுகத்தில் பேசிய கட்டணத்தைக் கொடுத்து, மேலும் சிறிது நீட்டினோம். கட்டணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார், மேற்கொண்டதை வாங்கவில்லை. “பெயர்களை இரு எழுத்திலும் எழுதி அனுப்புங்கள். அது போதும்” என்றார். தாளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டோம்.

தில்லி திரும்பி இரண்டு மாதங்கள் அதை அனுப்பவில்லை. அலுவலக வேலை என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். ஒருநாள் மாலை மகள்தான் அப்படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, “இந்த எழுத்து என்ன?” என்று கேட்டாள். சொன்னோம். “இது?” என்றாள். சொன்னோம். இருபத்து மூன்று பெயர்களையும் எழுதி முடிக்க அவளுக்கு ஆறு மாலைகள் ஆயின. பிரெஞ்சு எழுத்துப் பகுதியை நாம் எழுதினோம். தமிழ்ப் பகுதி அவளுடையது. முதல் படியில் பிழைகள் மலிந்திருந்தன. அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். ‘இல்லை’ என்னும் அந்த இரண்டு சொற்களையும் விடாமல் எழுதி, அஞ்சலில் சேர்த்தோம்.