கேட்டுக் கட்டுதல்

எங்கள் அரியாலையில் என்னிடம் படிக்கும் பிள்ளையொன்றின் தாய்க்கு, வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் அனுப்பிய காசில் ஒரு சிறு வீடு கட்டிக் கொடுத்தோம். பொறுப்பாக நின்ற மூவரில் நானும் ஒருவன். வீட்டின் படத்தை என் வீட்டு விறாந்தையில், தேநீர் குடித்து முடிவதற்குள் கீறிவிட்டோம். ஆறு மாதம் கழித்துப் போனபோது, அவர் கோடிப்புறத்தில் கிடுகுக் கொட்டில் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார்.

"குசினி இருக்க ஏன் வெளியிலை?" என்றேன்.

"விறகடுப்பெல்லே மாஸ்ரர். குசினி தென்மேற்கு மூலையிலை இருக்கு. சோளகம் தொடங்கினால் புகை முழுக்க வீட்டுக்குள்ளைதான்."

"கட்டேக்கை சொல்லியிருக்கலாமே?"

"தாறதை வாங்கிற நாங்கள் என்னெண்டு சொல்லுறது?"

அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று வாங்குபவனுக்குப் புத்தி சொல்ல நம்மிடம் பழமொழி உண்டு. கொடுப்பவனுக்குச் சொல்ல ஒன்று உண்டா? இல்லாதவனுக்குக் கொடுக்கிறேன் என்பதாலேயே, அவன் எப்படி வாழவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் எனக்கு வந்துவிடுகிறதா?

இந்தக் கேள்வியோடு கட்டடக்கலைஞர் மினற் டி சில்வாவைப் பற்றி வாசித்தேன். கண்டியில் 1918இல் பிறந்தவர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். இலண்டனில் படித்துத் திரும்பியவர், ஊர்க் கைவினைஞரைத் தேடிப் போனார். 1951இல் கண்டியில் கட்டி முடித்த கருணாரத்ன இல்லத்தில் தும்பறைப் பாய் நெசவுக்கும் உள்ளூரில் சுட்ட மண் ஓட்டுக்கும் இடம் கொடுத்தார். ஊர்ப் பொருள், ஊரவர் கைவேலை, ஊர்க் காற்று, ஊர் வெயில்: இன்று நிலைபேறான கட்டடக்கலை என்று பேசப்படுவதன் ஒரு பாதி இதுதான்.

மறுபாதியை அவர் வத்தப்புலுவவில் காட்டினார். கண்டிக்கு அருகே அரச ஊழியருக்கான அந்த வீடமைப்புத் திட்டம் 1958இல் நிறைவேறியது. ஏறத்தாழ 250 குடும்பங்கள், பல இனத்தவர். படம் கீறுமுன் அவர்களிடம் வினாக்கொத்தைக் கொடுத்தார். கூட்டி வைத்துப் பேசினார். குடும்பத்தில் எத்தனை பேர், எப்படி வாழ்கிறார்கள், எவ்வளவு செலவழிக்க இயலும் என்று அறிந்த பின்னரே வீட்டு வகைகளை வகுத்தார். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் தங்கப் பதக்கம் அளித்தது 1996இல். 1998இல் அவர் காலமானார்.

கேட்பது நல்லதுதான், ஆனால் கேட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? எங்கள் ஊரில் மண் வீடு என்றால் வறுமை என்று பொருள். அந்தத் தாயிடம் கேட்டிருந்தால் மண்கல்லை விரும்பியிருக்கமாட்டார். சீமெந்துக் கல்லும் கொங்கிறீற்றும்தான் கேட்டிருப்பார். படித்தவன் அறிந்ததைச் சொல்லாமல், கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்குவதும் ஒருவகைப் பொறுப்பின்மைதான்.

இதற்கு விடை கிரிந்தையில் கிடைக்கிறது. அம்பாந்தோட்டை மாவட்டத்து முஸ்லிம் மீனவர் கிராமம் அது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் அங்கு வீடுகளை வடிவமைத்தவர் ஜப்பானியரான ஷிகெரு பான். 1995 கோபே பூமியதிர்ச்சியில் வீடிழந்தோருக்குக் கடதாசிக் குழாய்களால் தங்குமிடம் அமைத்தவர். கிரிந்தை மக்கள் குசினியும் குளியலறையும் வாழுமிடத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்றனர். அவை வீட்டுடன் சேர்ந்திருக்க வேண்டும் என்றது அரசு. இரண்டுக்கும் நடுவே கூரையிட்ட ஒரு திறந்த இடத்தை வைத்தார் அவர். விருந்தினர் வந்தால் அங்கேயே இருக்கலாம். பெண்கள் மறைவாக உள்ளே போகலாம். சுவருக்கு அழுத்திய மண்கல், தடுப்புகளுக்கும் தளபாடங்களுக்கும் இறப்பர் மரம் என்ற தெரிவில் அவருடைய அறிவு இருந்தது. நடுவிடத்தில் அவர்களுடைய வாழ்க்கை இருந்தது. கேட்பது என்றால் கீழ்ப்படிவதல்ல. இரண்டு அறிவுகள் சமமாக உட்கார்ந்து பேசுவது.

இப்படி உட்காராதபோது நடப்பதையும் வடக்கில் கண்டோம். வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் 2016இல் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. செலவும் வெக்கையும் மட்டுமல்ல காரணம். பின்னாளில் ஓர் அறை கூட்டிக் கட்ட இயலுமா என்றும் சனம் கேட்டது. பிள்ளைகள் வளர வளர வீடும் வளரவேண்டும் என்பது இருப்பவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் அரசாங்கத்தைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி? 65,000 வீடுகளில் அவர்கள் விட்ட பிழையை நான் ஒரு வீட்டில் விட்டேன். எனக்கோ கேட்பதற்கு ஒரேயொரு ஆள். அதுவும் இரண்டு ஒழுங்கை தள்ளி. கேட்க நேரமில்லாமல் இல்லை. அவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. வறுமை ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பது பொருளையல்ல, அபிப்பிராயத்தை என்று இப்போது எண்ணுகிறேன். அதைத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டை மட்டும் கொடுத்தால், கொடுத்தது பாதிதான்.

போன மாதம் மீண்டும் போனேன். கையில் படம் எதுவும் கொண்டுபோகவில்லை. குசினியை எந்தப் பக்கம் வைத்தால் நல்லது என்று கேட்டேன். அவர் முற்றத்துக்கு வந்து, வளவைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லுறன், மாஸ்ரர்" என்றார்.

காத்திருக்கிறேன்.