பூட்டிய படலையும் பொதுநலமும்

பொதுநலத்தின் பொருட்டுத் தனிமனிதன் தன் உரிமையை விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்ற கருத்தை மறுப்பார் இன்று அரியர். ஒருவனுடைய உரிமை அயலவனுக்குத் தீங்காக மாறுமிடத்தில் சமுதாயம் தலையிடுவது நியாயமே. ஆயின், அவ்வாறு விட்டுக்கொடுத்தவனுக்குச் சமுதாயம் ஆற்றவேண்டிய கடன் யாது என்ற கேள்வி அத்துணை எளிதில் எழுவதில்லை. கால்நடை நோயைத் தடுப்பதற்காகப் பண்ணைகளின் படலையைப் பூட்டும் சட்டங்கள் இக்கேள்வியைத் தவிர்க்க முடியாதபடி நம் முன் வைக்கின்றன.

2001ஆம் ஆண்டு பிரித்தானியாவில் நிகழ்ந்ததை நோக்குவோம். அவ்வாண்டு பெப்ரவரி 20ஆம் நாள், எசெக்ஸ் பகுதியிலுள்ள இறைச்சிக்கூடமொன்றின் பன்றிகளிடையே கால்–வாய் நோய், அதாவது கோமாரி, உறுதிப்படுத்தப்பட்டது. 23ஆம் நாள் நாடெங்கும் மாடு, செம்மறி, பன்றி ஆகியவற்றை இடம்பெயர்ப்பது தடைசெய்யப்பட்டது.

இத்தடை அவசியமானதே. நோய் தொற்றிய விலங்கு, புண்கள் வெளித்தோன்றுமுன்னரே நோயைப் பரப்பவல்லது. செம்மறிகளிலோ அறிகுறிகள் பல வேளைகளில் கண்ணுக்குத் தப்பிவிடும். சந்தைக்குச் சந்தை கைமாறிய செம்மறிகளோடு நோயும் பயணஞ்செய்தது. முதன்முதலாக உறுதிப்படுத்தப்படுமுன்னரே குறைந்தது 57 பண்ணைகளை அது எட்டிவிட்டதெனப் பின்னர் அறியப்பட்டது. எனவே தடை விதித்தது தவறென்று கூறுவதற்கில்லை. பிந்தி விதித்ததே தவறு எனலாம்.

அறத்தின் சிக்கல் அதன் பின்னரே தொடங்குகிறது. நோயுற்ற மந்தைகளும் நோய் தொற்றியிருக்கலாமென ஐயுற்ற மந்தைகளும் கொல்லப்பட்டபோது, அரசு அவற்றின் பெறுமதியை உடையவனுக்கு வழங்கியது. நோய் அணுகாத, ஆனால் தடைக்குள் அகப்பட்ட பண்ணையாளனின் நிலை வேறு. அவனால் விற்க முடியவில்லை. தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலத்தில் மாரியைக் கழித்த சினைச் செம்மறிகளை வீட்டுக்குக் கொண்டுவரவும் முடியவில்லை. குட்டிகள் சேற்றிலே பிறந்து மடிந்தன. தீனிச் செலவு ஏறியது, வருவாய் நின்றது. அந்த வருவாய் இழப்புக்கு நட்டஈடு இல்லை. இடநெருக்கத்தாலும் தீனியின்மையாலும் வாடிய விலங்குகளைக் கொல்லக் கொடுத்தால் பணம் கிடைத்தது. கொல்லப்பட்ட 60 இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகளுள் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவை இவ்வாறு நோயினாலன்றித் தடையினாலேயே மாண்டவை.

தொழில் செய்வோன் எவனும் நட்டப்படுவதுண்டு. அனைத்துக்கும் அரசு பொறுப்பேற்க இயலுமா என வினவுவோர் உளர். மழை பொய்த்து நட்டப்படுபவனுக்கும் நமது ஆணையால் நட்டப்படுபவனுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மழை எவருடைய நன்மைக்காகவும் பொய்ப்பதில்லை. படலை பூட்டப்பட்டதோ ஏனையோரின் மந்தைகளைக் காப்பதற்காக. காக்கப்பட்டோர் யாவரும் பங்குகொள்ள வேண்டிய சுமையை ஒருவன் தலையில் ஏற்றிவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது தகாது. தியாகம் மனமுவந்து செய்வது; சட்டத்தால் பெறப்படுவது வரி. வரியாயின் அதை எல்லோர்மீதும் அவரவர் வலிமைக்கேற்ப விதிப்பதே முறை. ஒரு மாதத் தடை பெரும் பண்ணைக்கு இடையூறு. சிறு பண்ணைக்கு அது அழிவாகவும் கூடும்.

பொதுநலம் என்ற சொல்லையும் ஆராயாது விடலாகாது. கால்–வாய் நோய் வளர்ந்த மாடுகளைப் பெரும்பாலும் கொல்வதில்லை. பாலைக் குறைக்கும், உடலை மெலிவிக்கும். ஆயினும் பெரும்பாலானவை தேறிவிடும். அதற்குத் தடுப்பூசியும் உண்டு. எனினும் பிரித்தானியா 2001இல் அதைக் கையாளவில்லை. தடுப்பூசி இட்டால், நோயற்ற நாடு என்ற தகுதியையும் ஏற்றுமதிச் சந்தையையும் மீளப்பெறக் காலம் நீளும் என்பது அதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்று. நெதர்லாந்து அதே ஆண்டில் தடுப்பூசி இட்ட விலங்குகளையும் பின்னர் கொன்றது. ஏற்றுமதியும் நாட்டின் நலன்களுள் ஒன்றே. ஆனால், அதன் ஆதாயம் யாரைச் சேர்கிறது, அதன் விலையை யார் செலுத்துகின்றனர் என்று கேளாமல் அதனைப் பொதுநலம் என அழைப்பது, ஒரு பகுதியினரின் நலனுக்கு எல்லோருடைய பெயரையும் இரவல் கொடுப்பதாகும்.

இது இரக்கத்தை மட்டும் பற்றிய விடயமன்று. கால்நடை நோயை முதலிற் காண்பவன் அதிகாரியல்லன். விடியற்காலையில் பட்டிக்குள் நுழையும் பண்ணையாளனே. வாயில் நுரைதள்ளிக் கால் நொண்டும் மாட்டைக் கண்டதும் அவன் வாய் திறப்பானா என்பதிலேயே ஒரு மாகாணத்தின் கால்நடைகள் தங்கியிருக்கின்றன. உண்மையைச் சொன்னால் தன் குடும்பம் மட்டுமன்றி அயலவன் குடும்பமும் பட்டினி கிடக்கும் என்ற நிலையை ஏற்படுத்திவிட்டு, அவனிடம் நேர்மையை எதிர்பார்ப்பது பேதைமை. நீதியற்ற தடை நோயை மறைக்கக் கற்பிக்கும்.

ஆகவே தடை வேண்டுமா, வேண்டாமா என்பதன்று நம் வினா. தடை வேண்டும், அது விரைந்தும் வரவேண்டும். ஆனால் படலையைப் பூட்டும் அதே ஆணையில், உள்ளே நிற்கும் மாட்டின் தீனிக்கும் அதன் உடையவனின் அடுப்புக்கும் யார் பொறுப்பு என்பதும் எழுதப்படல் வேண்டும்.