விடை வேறு, அறிவு வேறு

"விடை சரியாக இருந்தால் போதாதா, ஐயா? அதை நான் கண்டேனா, கணிப்பொறி கண்டதா என்று பார்ப்பதில் என்ன பயன்?"

கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. குறும்புக்காகக் கேட்டதன்று, உள்ளபடியே அறிய விரும்பிக் கேட்டது. உடனே மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை. 'உழைக்காமல் பெறுவது தவறு' என்று கூறி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் அது நேர்மையான விடை ஆகாது. உழைப்பைக் குறைக்கும் கருவிகளை நாம் அன்றாடம் பயன்படுத்துகிறோம். ஆட்டுக்கல்லை விட்டு மாவரைக்கும் பொறிக்கு மாறிய தாயின் அன்பு குறைந்துவிட்டது என்று சொல்பவர் உண்டோ?

அப்படியாயின், மனிதன் தன் உழைப்பில் எதைப் பொறியிடம் ஒப்படைக்கலாம்? எதை ஒப்படைக்கலாகாது? உயிரியலிலும் மருத்துவத்திலும் கல்வியிலும் கணிப்பொறி நுழைந்ததன் விளைவாக அண்மை ஆண்டுகளில் வெளிவந்த மூன்று ஆய்வுகள் இந்த வினாவை நம்முன் புதிதாக வைக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

புரதத்தின் புதிர்

நம் உடலின் பணிகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்கள். அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் கோக்கப்பட்ட நீண்ட சரமே புரதம். அச்சரம் மடிந்து சுருண்டு ஒரு குறிப்பிட்ட வடிவை அடைகிறது. அவ்வடிவைப் பொறுத்தே அதன் பணியும் அமைகிறது. மணிகளின் வரிசையே வடிவைத் தீர்மானிக்கிறது என்று காட்டிய கிறிஸ்டியன் ஆன்ஃபின்சென் 1972-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். எனினும் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு வடிவைக் கணிப்பது அதன் பின்னர் அரை நூற்றாண்டு வரை கைகூடவில்லை. எக்ஸ் கதிர் போன்றவற்றின் துணையால் ஒவ்வொரு வடிவையும் தனித்தனியே ஆய்வுக்கூடத்தில் கண்டறிய வேண்டியிருந்தது. இரத்தத்தின் ஹீமோகுளோபினை 1937-இல் ஆராயத் தொடங்கிய மாக்ஸ் பெருட்ஸ், அதன் வடிவைக் காண 1959 வரை, அதாவது 22 ஆண்டுகள், காத்திருந்தார்.

இத்துறையில் சென்னைக்கும் சிறப்பான இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், தம் மாணவர்களான இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சரம் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்பதைத் தெளிவாக்கியது. புதிதாகக் காணப்படும் ஒரு புரத வடிவம் நம்பத் தக்கதுதானா என்று சோதிக்க இன்றும் அவ்வரைபடம் உரைகல்லாக விளங்குகிறது.

2020-ஆம் ஆண்டின் இறுதியில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு, பெரும்பாலான புரதங்களின் வடிவை ஆய்வுக்கூடத் துல்லியத்துக்கு அருகில் கணித்துக் காட்டியது. 2022-இல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்பு வடிவங்கள் எவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வெளியிடப்பட்டன. இப்பணிக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்ப்பர் ஆகிய இருவரும் 2024-இன் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றனர். புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கர் மறு பாதியைப் பெற்றார்.

இங்கே மனித உழைப்பு தேவையற்றுப் போயிற்றா? இல்லை. அந்தப் பொறி கற்றுக்கொண்டது ஏறத்தாழ 1,70,000 புரத வடிவங்களிலிருந்து. அவை புரதத் தரவு வங்கி என்னும் பொதுக் களஞ்சியத்தில் இருந்தவை. 1971-இல் அது தொடங்கியபோது அதில் இருந்தவை வெறும் ஏழு வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ பாடுபட்டு, அதன் பயனை உலகுக்குப் பொதுவாக வைத்துச் சென்ற பல்லாயிரம் ஆய்வாளர்களின் விதைப்பையே பொறி அறுவடை செய்தது. மேலும், அது தரும் வடிவத்தை ஆய்வாளர் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. தன் கணிப்பில் எப்பகுதி உறுதியானது, எப்பகுதி ஐயத்துக்குரியது என்பதையும் அது குறித்துத் தருகிறது. அவர் அதனை எடைபோட்டு, தேவையான இடத்தில் சோதனை செய்து பார்க்கிறார். கொடுக்கப்பட்ட விடையைச் சீர்தூக்கும் ஆற்றல் பெறுபவரிடம் இருக்கிறது. ஆகவே இவ்வொப்படைப்பில் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவரின் கண்

அடுத்தது மருத்துவம். பெருங்குடலுக்குள் ஒளிக்கருவியைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி சோதனையில், பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா என்னும் சிறு கட்டிகளை மருத்துவர் தேடுகிறார். அவை மடிப்புகளுக்குள் மறைந்திருக்கும். கண்ணிலிருந்து தப்பிவிடுவதும் உண்டு. திரையில் ஐயத்துக்குரிய இடத்தைச் சுட்டிக்காட்டும் செயற்கை நுண்ணறிவு துணைக்கு வந்தால் அதிகக் கட்டிகள் பிடிபடுகின்றன என்பதைப் பல ஆய்வுகள் நிறுவியுள்ளன. உயிர் காக்கும் இவ்வுதவியை வேண்டாம் என்பது அறமாகாது.

ஆனால் 2025 ஆகஸ்டில் வெளிவந்த ஓர் ஆய்வு வேறொரு கேள்வியை எழுப்பிற்று. போலந்து நாட்டின் நான்கு சோதனை மையங்களில் இந்தக் கருவி 2021-இன் இறுதியில் அறிமுகமானது. அதற்கு முந்தைய மூன்று மாதங்களிலும் பிந்தைய மூன்று மாதங்களிலும் கருவியின் துணையில்லாமல் செய்யப்பட்ட சோதனைகளை மட்டும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். முன்னர் 28.4 விழுக்காடு சோதனைகளில் அடினோமா கண்டறியப்பட்டது. பின்னர் அது 22.4 விழுக்காடாகக் குறைந்தது. அச்சோதனைகளைச் செய்தவர்கள் புதியவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் 2,000-க்கும் மேற்பட்ட சோதனைகள் செய்து தேர்ந்தவர்கள்.

இது நடந்ததைத் தொகுத்துப் பார்த்த ஆய்வே. வேறு காரணங்கள் இருந்திருக்கவே முடியாது என்று இதைக் கொண்டு அறுதியிட இயலாது. ஆயினும் அது சுட்டும் ஆபத்தை எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மேசைமேல் படுத்திருக்கும் நோயாளியை எண்ணிப் பாருங்கள். அன்று கருவி இயங்கவில்லை. மருத்துவர் இருக்கிறார்; அவருடைய பட்டமும் அனுபவமும் இருக்கின்றன. ஆனால் தேடும் கண் சற்றே மங்கியிருக்கிறது. அது அவருக்கே தெரியாது. நோயாளிக்கோ, தெரிந்துகொள்ள வழியே இல்லை.

மாணவரின் கணக்கு

மூன்றாவது ஆய்வு துருக்கியில், ஏறத்தாழ 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே 2023-இல் நிகழ்ந்தது. கணக்குப் பயிற்சி வேளையில் ஒரு பிரிவினருக்கு ஜிபிடி-4 என்னும் உரையாடு பொறி அப்படியே தரப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்கு அதே பொறி, விடையை நேரே சொல்லாமல் குறிப்புகள் மட்டும் தருமாறு ஆசிரியர்களின் அறிவுரையால் திருத்தியமைக்கப்பட்டு வழங்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்குப் பாடநூலும் அவர்களுடைய குறிப்பேடும் மட்டுமே.

பயிற்சியில் முதற்பிரிவினர் மூன்றாம் பிரிவினரைவிட 48 விழுக்காடும், இரண்டாம் பிரிவினர் 127 விழுக்காடும் மேம்பட்டு நின்றனர். பின்னர் பொறியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தனர். முதற்பிரிவினர், பொறியையே காணாத மாணவரைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். குறிப்பு மட்டும் பெற்றவர்களிடம் அந்த இழப்பு பெரும்பாலும் காணப்படவில்லை.

இவற்றினும் என் மனத்தைத் தைத்தது வேறொன்று. பின்தங்கிய அம்மாணவர்கள் தாங்கள் பின்தங்கியதை உணரவேயில்லை. தமக்குத் தெரியாது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. கற்காதவனுக்காவது தன் குறை புலப்படும். அவன் என்றேனும் கற்கத் தொடங்குவான். கற்றுவிட்டதாக நம்புகிறவன் எதற்காகத் தொடங்குவான்?

இடுப்பும் நடைவண்டியும்

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். 'புதிய கருவி வரும்போதெல்லாம் பெரியவர்கள் இப்படித்தான் அஞ்சினார்கள்' என்று இளைஞர்கள் சொல்லலாம். உண்மைதான். பிளேட்டோவின் ஃபீட்ரஸ் உரையாடலில், எழுத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்த தேவனிடம் எகிப்திய மன்னன், இது மறதியை வளர்க்கும். மாந்தருக்கு அறிவைத் தராமல் அறிவின் தோற்றத்தையே தரும் என்று எச்சரிப்பதாக ஒரு கதை வருகிறது. எழுத்து வந்தது, நினைவாற்றலில் ஒரு பகுதியை நாம் இழந்தோம், அதைவிடப் பன்மடங்கு பெற்றோம். அந்தக் கதையையும் இன்று நாம் அறிவது எழுத்தினாலன்றோ?

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. எழுத்து நமக்காக நினைவில் வைத்தது, நமக்காகச் சிந்திக்கவில்லை. ஏட்டைத் திறந்தவன் அதைப் படித்துப் பொருள் கொள்ள வேண்டியிருந்தது. இன்றைய பொறியோ சிந்தித்து முடித்ததைப் போன்ற ஒன்றையே கையில் தருகிறது. மன்னன் அஞ்சிய 'அறிவின் தோற்றம்' எழுத்தைவிட இதற்கே நன்கு பொருந்துகிறது.

பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல் 1942-இல் பள்ளிப் படிப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆழ்ந்த கருத்தொன்றை முன்வைத்தார். ஒரு வடிவியல் கணக்கோடு மாணவன் முழுக் கவனத்தோடு போராடி விடை காணாமல் தோற்றாலும் அம்முயற்சி வீணன்று என்பது அவர் கருத்து. ஏனெனில், படிப்பின் உயர்ந்த பயன் விடையில் இல்லை. கவனம் என்னும் ஆற்றல் வளர்வதில் இருக்கிறது. துன்புறும் ஒருவரை உண்மையாகவே உற்றுநோக்கி, அவருடைய வேதனை என்னவென்று கேட்கச் செய்வதும் அதே கவனந்தான் என்று அவர் கண்டார். கணக்கோடு மல்லுக்கட்டும் சிறுவனும் திரையை உற்றுநோக்கும் மருத்துவரும் ஒரே பயிற்சியின் இருவேறு படிகளில் நிற்பதை இதிலிருந்து உணர்கிறோம். முதற்படியில் கவனத்தை இழந்தவனிடம் இரண்டாம் படியில் அதை எப்படி எதிர்பார்க்க முடியும்?

மாவரைப்பதில் உழைப்பு வேறு, பயன் வேறு. உழைப்பு குறைந்தாலும் மாவு மாவுதான். நடக்கக் கற்பதில் அப்படியன்று. அங்கே முயற்சியே பயன். எந்நேரமும் இடுப்பிலேயே சுமக்கப்படும் குழந்தை போக வேண்டிய இடத்துக்கு விரைவாகவே போய்ச் சேரும். ஆனால் நடக்கப் பழகாது. அதற்காகக் குழந்தையைத் தனியே விட்டு விழட்டும் என்று எந்தத் தாயும் இருப்பதில்லை. நடைவண்டியைக் கையில் கொடுக்கிறாள். நடைவண்டி குழந்தையைத் தாங்கும். ஆனால் குழந்தை தள்ளினால்தான் நகரும். துருக்கியில் குறிப்பு மட்டும் தந்த பொறி நடைவண்டி. விடையைத் தந்த பொறி இடுப்பு. இரண்டும் ஒரே பொறிதான். அதை எதுவாக்குவது என்று முடிவு செய்தவர்கள் மனிதர்கள்.

ஆகவே பொறுப்பும் மனிதருடையதே. ஆசிரியருக்குப் பதிலாகப் பொறியை வைத்தால் செலவு குறையும் என்று எண்ணும் நிருவாகம், எதைக் குறைக்கிறோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் கருவியின் துணையின்றியும் அவ்வப்போது சோதனை செய்து தம் கண்ணைத் தீட்டிக்கொள்ள மருத்துவமனைகள் வழிவகுக்க வேண்டும். பிறர் நம்பி வந்து நிற்கும் இடத்தில் பணிபுரிகிறவருக்குத் தம் திறனைக் காப்பது விருப்பமன்று, கடமை.

அந்த மாணவருக்கு நான் தர வேண்டிய மறுமொழி இப்போது எனக்கு ஓரளவு விளங்குகிறது. தம்பி, விடை மட்டுமே வேண்டிய இடங்கள் உண்டு; அங்கே பொறியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் நாளை உங்களை நம்பி ஒருவர் தம் உடலையோ, தம் பிள்ளையையோ, தாம் குடியிருக்கப் போகும் வீட்டையோ ஒப்படைப்பார். அன்று பொறி தவறாகச் சொன்னால் 'இது தவறு' என்று சொல்லக்கூடியவராக நீங்கள் இருக்க வேண்டும். அந்த ஒருவருக்காகவே இன்றைய கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.