கேட்காததையும் சொல்ல வேண்டுமா?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், மோசடி என்றால் என்ன என்பதை 17ஆம் பிரிவில் சொல்லிவிட்டு, விளங்கவைப்பதற்காக ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. குதிரைக்குக் கோளாறு இருக்கிறது. விற்பவருக்கு அது தெரியும். ஏலத்தில் விற்கிறார், வாங்குபவரிடம் வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அதே குதிரையை, அப்போதுதான் மேஜரான தன் மகளுக்கு விற்றால் கோளாறைச் சொல்லியாக வேண்டும். உறவே அந்தக் கடமையைக் கொண்டுவந்துவிடுகிறது. இன்னொருவர் வருகிறார். நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். இங்கே அந்த மௌனமே பேச்சாகிவிடுகிறது.

குதிரை போய்க் கார் வந்துவிட்டது. சட்டம் அப்படியே இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரத்தில் ஒருவர் தன் பழைய காரை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று தாள் ஒட்டுவார், ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவைப்பார், டீக்கடையில் பேச்சுவாக்கில் போட்டுவைப்பார். மூங்கில்துறைப்பட்டிலிருந்தோ கச்சிராயபாளையத்திலிருந்தோ ஆள் வரும். வருகிறவர் முன்பின் தெரியாதவராக இருப்பது அபூர்வம். மச்சானுக்குக் கூட்டாளி, உரக்கடையில் பழக்கமானவர், பிள்ளையோடு படித்த பையனின் அப்பா, இப்படி யாராவது. ‘உங்க வண்டிதானேண்ணே, நீங்க சொன்னா சரி’ என்பார். அந்த ஒரு வார்த்தையோடு முதல் குதிரைக்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பு போய்விடுகிறது. விற்பவர் இப்போது மூன்றாவது குதிரையின் பக்கத்தில் நிற்கிறார்.

ஆனாலும் பலரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: ‘வண்டி எதிர்லயே நிக்குது, பார்த்து எடுத்துக்கங்க.’ இதை வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே பெரிய தலைகள் இதற்காக வாதாடியிருக்கின்றன. கி.மு. 44இல் ரோமானியரான சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வழக்கு வருகிறது. பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வணிகர் அலெக்ஸாந்திரியாவிலிருந்து தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னால் வேறு கப்பல்களும் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். சொன்னால் விலை விழுந்துவிடும். சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்கும் குறையைச் சொன்னால் போதும், மற்றதைச் சொல்லாதிருப்பது மறைப்பதாகாது என்றார் பாபிலோனியரான டயோஜெனிஸ். விற்பவருக்குத் தெரிந்த எதையும் வாங்குபவர் அறியாமல் இருக்கக்கூடாது என்றார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் சாய்ந்தார்.

அதே இடத்தில் அவர் ஒரு வீட்டையும் எடுத்துக்கொள்கிறார். அறைக்கு அறை பாம்பு நடமாட்டம், உளுத்துப்போன மரம், விழுகிற நிலை. வெளியில் பார்த்தால் நல்ல வீடு. உடையவருக்கு மட்டுமே சங்கதி தெரியும். தானிய வணிகரைப் பற்றி இன்றும் வாதாடலாம். நாளை சந்தை என்ன ஆகும் என்பதை எல்லாம் விற்பவர் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அடுத்த மாதம் இந்த மாடல் நின்றுவிடப் போகிறது என்ற செய்தியைக் கார் விற்பவர் தன்னோடு வைத்துக்கொண்டால் அதைப் பெரிய குற்றம் என்று சொல்வது கடினம். வீட்டுக்காரருக்கு அந்த இடைவெளி கிடையாது. குறை சந்தையில் இல்லை, விற்கும் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. கார் விற்பவர் இந்த வீட்டுக்காரரின் ஜாதி. சொல்லப்போனால், அதே ரோமில் சந்தையில் சுமை விலங்குகளை விற்பவர்கள் நோய் நொடியை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும் என்று சந்தை அதிகாரிகளின் ஆணை இருந்தது. 1872இன் குதிரைக்காரர் அங்கே பிழைத்திருக்க மாட்டார்.

சரி, எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? சீட் கிழிந்திருப்பதை, பம்பரில் கீறல் இருப்பதை, டயர் தேய்ந்திருப்பதை விற்பவர் பட்டியல் போட வேண்டியதில்லை. வாங்குபவருக்கும் கண் இருக்கிறது. மாட்டுச் சந்தையில் வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், அதன்பின் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதைப் பாராமல் விட்டவருக்குச் சட்டமும் பெரிதாக இரங்குவதில்லை. கழுவி, பாலிஷ் போட்டு நிறுத்துவதிலும் தவறில்லை. அது அலங்காரம் என்று எல்லோருக்கும் தெரியும். விற்பவரின் கடமை, வாங்குபவரின் கண்ணும் கூட வந்த மெக்கானிக்கின் காதும் எட்டாத இடத்தில் தொடங்குகிறது. கேள்வி கேட்டாரா இல்லையா என்பது அங்கே பொருட்டே அல்ல. எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவரால் எப்படிக் கேட்க முடியும்?

வெள்ளத்தில் நின்ற வண்டி இதற்குச் சரியான உதாரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னைப் புறநகரில் கார்கள் மிதந்தன. அடுத்த ஆண்டு இந்தப் பக்கத்தின் முறை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பெய்து, நிறுத்தியிருந்த வண்டிகளைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரையோர ஊர்களில் புகுந்தது. இப்படி டேஷ்போர்டு வரை நனைந்த காரைக் காயவைத்து, ஆயில் மாற்றி, சீட்டையும் கார்ப்பெட்டையும் புதிதாகப் போட்டால் ஓடும். சில மாதம் ஒழுங்காகவே ஓடும். வயரிங் இணைப்புகளுக்குள் பச்சை பூப்பதும், ஏர்பேக், ஏபிஎஸ் பெட்டிகள் கெடுவதும் மெதுவாக நடக்கிற வேலை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ‘ஒரு தடவ தண்ணி ஏறுச்சுங்க’ என்று விற்பவர் சொல்லிவிட்டால் விலை இறங்கும், உண்மைதான். தண்ணீர் ஏறிய நாளிலேயே அந்த மதிப்பு இறங்கிவிட்டது. வாய் மூடியிருப்பதால் நஷ்டம் மறைந்துவிடவில்லை, ஆள் மாறியிருக்கிறது.

மௌனத்தைவிட மோசமானது ஒன்று உண்டு. வாய் சும்மா இருக்கும்போது கை செய்கிற வேலை. வாங்குபவர் வருவதற்கு அரை மணி முன்பே வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி வைப்பது, குளிர்ந்த இன்ஜினின் புகையும் சத்தமும் அவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. ஆயில் குடிக்கிற இன்ஜினில் கெட்டி ஆயிலை ஊற்றிப் புகையை அடக்குவது. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்று அந்த விளக்கையே துண்டித்துவிடுவது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்க வாய்ப்பு உண்டு. மீட்டரைப் பின்னுக்குத் திருப்புவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இவற்றைச் செய்துவிட்டு ‘நான் பொய் எதுவும் சொல்லவில்லையே’ என்பவருக்கு 17ஆம் பிரிவின் முதல் குதிரையும் உதவாது. உண்மையைச் செயலால் மறைப்பதை அதே பிரிவு மோசடி என்றே சொல்கிறது.

இன்னும் நுணுக்கமானவர்களும் உண்டு. பிரேக்கில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வரும். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் உறுதியாகிவிடும் என்பதால் போக மாட்டார்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று பின்னால் சத்தியம் செய்யலாம் அல்லவா. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குப் பாடுபட்டவரின் அறியாமை அது. சந்தேகம் இருந்தால் அதைச் சந்தேகமாகவே சொல்லலாம்: ‘கொஞ்ச நாளா மிதி ஆழமா போற மாதிரி இருக்கு, காட்டிட்டு எடுத்துக்கங்க.’ இதற்கு மெக்கானிக் அறிவு தேவையில்லை.

பிரேக்கைச் சொன்னதற்குக் காரணம் இந்தப் பகுதியின் நில அமைப்பு. சங்கராபுரமும் கள்ளக்குறிச்சியும் சமவெளி. மேற்கே கல்வராயன் மலை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையில் இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டு மிதித்தாலும் சூடு ஏறும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலில் சேர்ந்த தண்ணீர், அந்தச் சூட்டில் கொதித்து ஆவியாகும். மிதி கீழே போகும், வண்டி நிற்காது. இதே கார் சங்கராபுரம் கடைவீதியில் வருடம் முழுக்கச் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றிருக்கும். கள்ளக்குறிச்சி ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதில் இந்தக் குறை வெளிவரவே வராது. ஆகவே ஒரே பழுது, சமவெளியிலுள்ள திருக்கோவிலூர்க்காரருக்கு விற்கும்போது ஒரு எடை, வெள்ளிமலைக்காரருக்கு விற்கும்போது வேறு எடை. வாங்குபவர் வண்டியை எங்கே ஓட்டப்போகிறார் என்று தெரிந்த பிறகும் வாய் மூடியிருப்பவரைச் சிசரோவின் வீட்டுக்காரரோடு ஒப்பிடுவது வீட்டுக்காரருக்குத்தான் அநியாயம்.

அந்த வளைவில் எதிரே வரும் பைக்காரரை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் இந்தப் பேரத்தில் உட்காரவே இல்லை. விலை குறைத்து வாங்கியவராவது ‘பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஏற்றுக்கொண்டார். பைக்காரர் எதையும் ஏற்கவில்லை. அதனால்தான் பிரேக், ஸ்டீயரிங், சேஸ் சம்பந்தப்பட்ட பழுதில் ‘சொல்லிவிட்டேன், விலையும் குறைத்துவிட்டேன்’ என்பதுகூட முழு விடுதலை ஆகாது. சரிசெய்துவிட்டு விற்க வேண்டும். முடியாவிட்டால் லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறவருக்கு மட்டும் விற்க வேண்டும். ஓட்டிக்கொண்டு போகக் கொடுக்கக் கூடாது.

விற்பவரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மருத்துவச் செலவுக்கோ, கரும்புப் பணம் வராத வருடத்தில் கடனை அடைக்கவோ காரைத் தள்ளிவிடுகிறவர் வேண்டுமென்றே ஏமாற்றக் கிளம்பியவர் இல்லை. ஊரே மறைத்து விற்கிறது, சொல்லி விற்கிற நான் மட்டும் ஏன் ஏமாளியாக வேண்டும் என்று கேட்பார். கேள்வி சரியானது. பழைய கார்ச் சந்தையை வைத்தே ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்கியது: நல்ல வண்டியையும் மோசமான வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது எல்லாவற்றுக்கும் சராசரி விலையே கொடுப்பார், நல்ல வண்டிக்காரர் சந்தையை விட்டு விலகுவார், மோசமானவை மட்டும் மிஞ்சும். அவருக்கு 2001இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பொய்யர்களின் அபராதத்தை நேர்மையாளர் கட்டுகிறார் என்பது மெய்தான். ஆனால் அந்த அபராதத்தை அவர் யாரிடம் திருப்பி வசூலிக்கப் பார்க்கிறார்? ஏமாற்றிய முன்னவர்களிடம் இல்லை, அடுத்து வந்த ஒருவரிடம். அந்த ஒருவர் பெரும்பாலும் இவரைவிடக் கை சுருங்கியவர். சென்னையில் கழித்த வண்டி கள்ளக்குறிச்சிக்கு வரும், அங்கே கழித்தது சங்கராபுரத்துக்கு, இங்கே கழித்தது மலையடிவாரத்துக்கு. பழுதைச் சரிசெய்யக் காசில்லாதவரிடம் போய்ச் சேரும்போது அதன்மேல் எல்லோருடைய மௌனமும் ஏறியிருக்கும்.

வாங்குபவரும் புண்ணியவான் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். இறந்த கணவரின் காரை, விலை தெரியாமல் விற்க நிற்கும் பெண்ணிடம், விவரம் தெரிந்த ஒருவர் இல்லாத பழுதை எல்லாம் சொல்லிப் பாதி விலைக்குக் கேட்பதும் இதே வகை. யாருக்குக் கூடுதலாகத் தெரியுமோ அவர்மேல் சொல்லும் கடமை விழுகிறது, விற்பவரோ வாங்குபவரோ.

சட்டம் இதில் எங்கே என்று கேட்கலாம். பழைய வாகன வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் தனி விதிகள் வந்துவிட்டன. அவர்கள் அங்கீகாரம் பெற வேண்டும், கைக்கு வந்த வண்டிக்குப் பொறுப்பேற்க வேண்டும். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தரத்துக்கு உத்தரவாதம் கேட்பது, பெரும்பாலும் அந்தப் பொருளை வியாபாரமாகவே விற்பவரிடம். தன் சொந்தக் காரை ஒருமுறை விற்கும் தனியாளிடம், மோசடி கூடாது என்பதற்கு அப்பால், சட்டம் அதிகம் கேட்பதில்லை. ஒன்றைத் தவிர.

அது பெயர் மாற்றம். படிவம் 29, 30இல் வெறும் கையெழுத்தைப் போட்டு ஆர்.சி. புக்கோடு தரகரிடம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற பழக்கம் இருக்கிறது. வண்டி இரண்டு மூன்று கை மாறும், பெயர் மட்டும் முதல் ஆளுடையதாகவே இருக்கும். 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில் அப்படித்தான் நடந்தது. காரை விற்றவர் 2007இலேயே விற்றுவிட்டார். அதன்பின் அது பலரிடம் போயிற்று. 2009இல் விபத்து, ஓர் உயிர் போனது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது அதன் நியாயம். பேரத்தில் இல்லாத அந்த மூன்றாம் ஆளை நினைத்துப் பார்த்த தீர்ப்பு அது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு விற்பவருக்கு 14 நாளும் வாங்குபவருக்கு 30 நாளும் தருகிறது. அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். பழுதையும், செய்த வேலைகளின் பில்லையும், நிலுவை அபராதத்தையும், கடன் பதிவையும் வாங்குபவர் முன் வையுங்கள். விற்ற தேதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, இன்சூரன்ஸையும் அவர் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்த பிறகு சாவியைக் கையில் கொடுங்கள்.