தனிமைப்படுத்தலும் ஒதுக்கிவைத்தலும்: நிபா நோய்த்தடுப்பில் ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒருவரின் நோய் பிறர் உயிரைப் பறிக்கக்கூடியதாக இருக்கும்போது அவரது நடமாட்டத்தைத் தடுக்கும் உரிமை சமூகத்திற்கு உண்டா? உண்டெனின், அவருக்குச் சமூகம் பட்ட கடன் யாது? 2018இல் கேரளம் எதிர்கொண்ட நிபா நோயை முன்வைத்து இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நோயும் அரசின் நடவடிக்கையும்

2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நிபா பரவியது. பழந்தின்னி வௌவால்களிடம் உறையும் இவ்வைரஸ் மாந்தரை அடைந்தபின், பெரும்பாலும் மருத்துவமனைகளிலேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது. ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட 18 பேரில் இருவரே பிழைத்தனர். உரிய மருந்தோ தடுப்பூசியோ இல்லாத நிலையில், நோயாளரைப் பிரித்துவைத்தலும் அவர்களோடு பழகியோரைக் கண்காணித்தலுமே அரசின் வழிகளாயின. 2000க்கும் மேற்பட்டோர் கண்காணிக்கப்பட்டனர்.

இரு சொற்கள்

தனிமைப்படுத்தல், ஒதுக்கிவைத்தல் ஆகிய இரண்டும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றும். முன்னது நோயை நோக்கியது, காலவரையறை உடையது. நிபாவிற்கு அவ்வரையறை 21 நாள். பின்னது ஆளை நோக்கியது. அதற்கு முடிவுநாள் இல்லை. தீண்டாமையை நெடுங்காலம் வழக்கமாகக் கொண்டிருந்த சமூகத்தில் முன்னது பின்னதாக மாறுவது எளிது. பேராம்பிரா வட்ட மருத்துவமனைச் செவிலியரைப் பேருந்திலும் பிறர் தவிர்த்தனர் என்பதை அன்றைய செய்திகளால் அறியமுடிகின்றது. அம்மருத்துவமனையில் நோயாளியைப் பேணிய செவிலியர் லினி 2018 மே 21 அன்று அந்நோயாலேயே மறைந்தார். தொற்று அச்சத்தால் அவரது உடல் இல்லத்திற்குக் கொண்டுசெல்லப்படாமலே எரியூட்டப்பட்டது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுவோரையும் மருத்துவத்தின் உறுப்பாகக் கொள்கின்றது. அவ்வாறாயின், பேணுவோரை ஒதுக்கும் சமூகம் தன் மருத்துவத்தையே குறைத்துக்கொள்கின்றது எனலாம்.

கடன்

பிறர் உயிர்காக்க ஒருவர் தம் உரிமையை இழக்கின்றார். இது தண்டனை அன்று, ஆயினும் இழப்பே. எனவே அவரது உணவு, ஊதியம், நற்பெயர் ஆகியவற்றைக் காத்தல் கருணைச்செயல் ஆகாது, கடனாகும். கண்காணிப்பிலிருந்தோர் வீடுகளுக்கு அரசு உணவுப்பொருள் வழங்கியதை இந்நோக்கில் கொள்ளல் வேண்டும். எனினும் நற்பெயரை அரசாணையால் மீட்க இயலாது. அது அண்டை வீட்டாரின் கையில் உள்ளது.

முடிவுரை

திருவனந்தபுரத்தை அடுத்த தோன்னக்கல்லில் 2019இல் வைரஸ் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. நோயை விரைந்து அறிய அது துணைபுரியும். ஆனால் 21ஆம் நாள் கடந்து வெளிவருபவரை முன்போல் ஏற்றல் மக்களின் பொறுப்பு. அவ்வேற்பு உறுதியாக இருக்கும்போதே தனிமைப்படுத்தும் உரிமை அறமாகும் என்பது இக்கட்டுரையின் துணிபு.